விருத்தகிரி என்கிற ஆபிரகாம்

விருத்தாசலம்
14.3.2024

மதிப்பிற்குரிய திருமதி சிவசங்கரி அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் ஆ. தமிழ்மணி. இங்கே தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் கம்பெனியில் மின்சார ஃபியூஸ் மாட்டும் பீங்கான் கேரியர்களைத் தட்டி, சத்தத்தை வைத்து விரிசல் கண்டுபிடிக்கும் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். என் தகப்பனார் ஆபிரகாம் கடந்த ஜனவரி ஒன்பதாம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது அறுபத்தெட்டு.

வீட்டு மனைப் பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றுவதற்காக வாரிசுச் சான்றிதழ் கேட்டு மனு கொடுத்தோம். மனைவி தங்கம்மாள், மகள் தமிழ்மணி, வேறு வாரிசு இல்லை என்று எழுதியிருந்தேன். வி.ஏ.ஓ. தெருவுக்கு வந்து விசாரித்தபோது, அப்பாவோடு சூளையில் வேலை பார்த்த கலியமூர்த்தி என்பவர், "மொத சம்சாரம் பெண்ணாடத்துல இருக்குது, ஒரு பொண்ணும் இருக்குது" என்று சொல்லிவிட்டார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. அந்தப் பெண் நீங்கள், அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறீர்கள் என்று பெயரோடு சொன்னதும் அவர்தான். போன் நம்பர் தெரியாததால் பள்ளி முகவரிக்கு எழுதுகிறேன்.

இது வீண் பேச்சு என்றே நம்புகிறேன். என் தகப்பனார் நாற்பது வருடம் சபையில் ஜெபம் நடத்தியவர். தேவன் ஆயிரம் தலைமுறைக்கும் வாக்கு மாறாதவர் என்று அவர் பேசாத ஞாயிறு கிடையாது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று விரல் விட்டு எண்ணி, கடைசி விரலுக்கு என் பெயரைச் சொல்லுவார். அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்று சொன்னால் சபையில் சிரிப்பார்கள்.

ஆகவே, "எனக்கும் விருத்தாசலம் ஆபிரகாமுக்கும் எந்த உறவும் இல்லை" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும். உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று தபால்தலை ஒட்டிய கவரும் உள்ளே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆ. தமிழ்மணி


பெண்ணாடம்
21.3.2024

தமிழ்மணி என்பவருக்கு,

தபால்தலை ஒட்டி அனுப்பியதற்கு ரொம்ப உபகாரம். அந்தக் கவரிலேயே இந்தப் பதில் வருகிறது. நான் பிறந்தது 1980. உனக்கு மூத்தவளாகத்தான் இருப்பேன். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

எச்.எம். மேடம் உன் கடிதத்தைக் கொடுத்தபோது சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்குக் கடிதம் வருவது அபூர்வம் என்பதால் அம்மா ஆவலாக உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நானும் முன்கூட்டிப் படித்துப் பார்க்காமல் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். நித்திரையடைந்தார் என்று படித்தபோது எனக்கே புரியவில்லை. அம்மாதான் கேட்டாள்: "தூங்கிட்டாருன்னா, செத்துட்டாருன்னு அர்த்தமா?"

பிறகு விரலை மடக்கிக் கணக்குப் போடச் சொன்னாள். எழுபது நாள். "எழுபது நாளா பொட்டு வெச்சிக்கிட்டு ஊருக்குள்ள அலைஞ்சிருக்கேனே, சொல்ல ஒரு நாதி இல்லியா?" என்றாள். நாற்பத்தைந்து வருடம் கழுத்தில் கிடந்த தாலியை அவளே கழற்றினாள். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால், "எந்தப் புருஷனுக்கு?" என்று கேட்பார்கள்.

உன் ஆபிரகாமை எனக்குத் தெரியாது. என் அப்பா பெயர் விருத்தகிரி. சக்கரத்தில் பானை வனைகிற குடும்பம். செராமிக்கில் வேலை என்று விருத்தாசலம் போனார். எனக்கு இரண்டு வயது. போனவர் திரும்பவில்லை. என்னைப் பள்ளியில் சேர்க்கப் போன மாமா நடராசன், வாத்தியார் "பேரு என்ன?" என்று கேட்டதும் தன் பெயரைச் சொல்லிவிட்டார். வாத்தியார் அதைத் தகப்பன் பெயர் என்று எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து நான் ந. சிவசங்கரி. மாமாவே அப்பா என்று பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது. ஆதாரில் இருக்கிறது. எங்கள் தெருவில் சில பேர் அதை வைத்து அம்மாவைப் பற்றி என்ன பேசினார்கள் என்று எழுத என் கை கூசுகிறது. கூடப்பிறந்த அண்ணனையும் தங்கச்சியையும் அப்படிப் பேசுவதற்கு நாக்கு எப்படி வந்ததோ.

நீ கேட்ட கையெழுத்தைப் போட மாட்டேன். உன் வீட்டில் எனக்கு ஒரு செங்கல்லும் வேண்டாம், அதை வேண்டுமானால் எழுதித் தருகிறேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். விருத்தகிரியும் ஆபிரகாமும் ஒரே ஆள் என்று நீ தாசில்தார் ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் அவர் மகள் என்றும் என் அம்மா அவருக்குக் கட்டின மனைவி என்றும் கவர்மெண்ட் சீல் வைத்த ஒரு காகிதம் வேண்டும். அதை எங்களால் வாங்க முடியாது. எங்களிடம் விருத்தகிரி என்ற பெயருக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

யாரிடமாவது நம்பர் வாங்கிப் போன் பண்ணாதே. என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

ந. சிவசங்கரி


விருத்தாசலம்
5.4.2024

அன்புள்ள சிவசங்கரி அவர்களுக்கு,

அக்கா என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். தாளை மாற்றி எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு அந்தச் செய்தி அப்படிப் போய்ச் சேர்ந்ததற்கு நான் என்ன சொன்னாலும் போதாது. கலியமூர்த்தி மாமாவை வீட்டுக்கே போய்க் கேட்டேன். "ஒங்கப்பாவுக்கு ஞானஸ்நானம் குடுக்கற வரிக்கும் விருத்தகிரின்னுதான் கம்பெனி மஸ்டர் நோட்டுல பேரு. அப்புறம் மாத்திக்கிட்டாரு" என்றார். அம்மாவுக்குத் தெரியாமல் உங்கள் கடிதத்தை என் வேலை டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அப்பா குடும்ப ஜெபத்தில் தினமும், "வனாந்தரத்துல இருக்கிற பிள்ளையையும் காப்பாத்தும்" என்பார். சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டேன். எனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து இறந்துவிட்டது என்றாள். முப்பது வருடமாக நானும் கல்லறைத் திருநாளில் பெயர் தெரியாத அந்தக் குழந்தைக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி வைத்து வந்தேன். அது உங்களுக்கு வைத்தது என்று இப்போது தெரிகிறது. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று கம்பெனியில் எந்த உருப்படியைத் தட்டினாலும் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. விரிசல் விட்டதையெல்லாம் நல்லதோடு போட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

ஆனால் நீங்கள் கேட்பதை நான் எப்படிச் செய்வேன்? அப்பாவுக்கும் அம்மாவுக்கும் 1984இல் சபையில் கல்யாணம் நடந்தது. உங்கள் அம்மா மனைவி என்று எழுதினால் என் அம்மா யார்? அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, கண்ணும் மங்கிவிட்டது. பெண்கள் ஐக்கியத்தில் முன்னால் உட்காருகிறவள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு நான், எனக்கு அவள், அவ்வளவுதான். உங்களுக்குத் தனியாக என் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். நீங்கள் என் அப்பாவின் மூத்த மகள் என்று அதில் இருக்கும். தாசில்தார் ஆபீஸ் மட்டும் வேண்டாம். தேர்தல் வேலை முடியும் வரை அவர்களும் எங்கள் மனுவைத் தொட மாட்டார்கள். அதற்குள் யோசித்துச் சொல்லுங்கள்.

குடித்துத் திரிந்த ஒரு மனுஷனைக் கர்த்தர் மாற்றினார், எங்கள் வீட்டுக்கு இத்தனை வருடம் உண்மையுள்ளவராக இருந்தார். அதை ஒரு காகிதத்தால் உடைக்கச் சொல்லாதீர்கள்.

தமிழ்மணி


பெண்ணாடம்
12.4.2024

தமிழ்மணிக்கு,

உன் கைக்கடிதத்தை நான் எந்த வி.ஏ.ஓ.விடம் காட்டுவது? கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டவா?

எங்கள் பள்ளியில் வளர்மதி டீச்சர் உங்கள் மதம். அவரிடம் வேதப்புத்தகத்தை இரவல் வாங்கி ஆபிரகாம் கதையைப் படித்தேன். என் அப்பா எத்தனையோ பெயர் இருக்க இதை ஏன் எடுத்தார் என்று பார்க்கத்தான். அந்தப் பெரிய மனுஷன் மனைவி சாராளின் பேச்சைக் கேட்டு, தனக்குப் பிள்ளை பெற்ற வேலைக்காரி ஆகாரை விடிந்ததும் விடியாததுமாக எழுப்பி, ரொட்டியும் தோல்பைத் துருத்தியில் கொஞ்சம் தண்ணீரும் தோளில் வைத்து, பிள்ளையையும் கையில் பிடித்துக் கொடுத்துப் போ என்று வனாந்தரத்துக்கு அனுப்புகிறார். எங்களுக்கு அந்த ரொட்டியும் இல்லை. ஆனால் வனாந்தரம் என்று ஜெபம் பண்ணியிருக்கிறார் பார், அப்போது அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்தே பெயரை எடுத்திருக்கிறார்.

இதையும் தெரிந்துகொள். 1982இல் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி அங்கே வந்தாள். கம்பெனி கேட்டில் நின்று விருத்தகிரி வேண்டும் என்றாள். அவரே வெளியே வந்தார். கூட உங்கள் சபை மூப்பர் ஒருவர். "விருத்தகிரி செத்துட்டான், முத்தாயி. தண்ணியில முங்குனப்பவே பழைய மனுஷன் செத்துட்டான். இப்ப இருக்கிறது ஆபிரகாம்" என்றார். நீயும் முங்கிவிட்டு வா, கூட வைத்துக்கொள்கிறேன் என்றாராம். அம்மா, "செத்துட்டானா? பொணத்தக் காட்டு, நம்பறேன். ஒடம்பக் காட்டாத சாவுக்கு நான் தாலி அறுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். இந்த நாற்பத்திரண்டு வருடமும் அதில்தான் நின்றாள்.

பெண்ணாடத்துக்கும் விருத்தாசலத்துக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம், கரும்பு டிராக்டர் குறுக்கே வந்தால் முக்கால் மணி. இதைத் தாண்டி வர முடியாதவர் தினமும் ஜெபம் பண்ணினாராம். நான் பள்ளி வாசலில், கல்யாணத்தில், என் மகள் யுவஸ்ரீ பிறந்தபோது, எத்தனை தடவை ரோட்டைப் பார்த்தேன் தெரியுமா. உங்கள் தேவன் உங்கள் வீட்டுக்கு மட்டும் உண்மையாக இருந்தார் என்றால், எனக்கு அவரிடம் பேச ஒன்றும் இல்லை.

பள்ளிக்கு லீவு விடப் போகிறார்கள். ஜூன் வரைக்கும் எழுதாதே, கடிதம் ஆபீஸிலேயே கிடக்கும்.

சிவசங்கரி


விருத்தாசலம்
30.6.2024

அன்புள்ள அக்கா,

இந்தத் தடவை அடிக்கவில்லை.

இரண்டு மாதம் எழுத முடியாமல் போனது எனக்கு நல்லதாகப் போயிற்று. எழுதியிருந்தால் இன்னும் சால்ஜாப்புத்தான் சொல்லியிருப்பேன்.

இன்று ஓய்வுநாள் பள்ளியில் இயேசுவின் வம்ச அட்டவணை. இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று பக்கம் முழுக்கப் பெயர்கள். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அப்பா இதைத்தான் விரல் விட்டு எண்ணுவார். அதில் இயேசுவின் தாயைத் தவிர நாலு பெண்கள் வருவார்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். மாமனாரிடம் முக்காடு போட்டு வந்து நியாயம் வாங்கின தாமார். எரிகோவில் ஊரே ஏசின ராகாப். வேற்றுச் சாதியிலிருந்து வந்த ரூத். நாலாவது உரியாவின் மனைவி. ஒரு சின்னப் பெண் எழுந்து, "டீச்சர், அவங்களுக்கு மட்டும் பேரு இல்லியா?" என்று கேட்டாள். பேர் இருந்தது, பத்சேபாள், ஆனால் எழுதவில்லை என்றேன். "ஏன் டீச்சர்?" என்றாள். தாவீது ராஜா வேறொருவன் பெண்டாட்டியை எடுத்துக்கொண்டதை மறைக்கக் கூடாது என்றுதான் அப்படி எழுதியிருக்கிறது என்று பதில் சொன்னேன். கர்த்தரே தன் குடும்பப் பட்டியலில் எதையும் மறைக்கவில்லை. நான் வேறு வாரிசு இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன், அந்தப் பட்டியலில் ஆகாரும் அவள் பிள்ளை இஸ்மவேலும் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீடு திரும்பி மறுபடி படித்தேன். துருத்தியில் தண்ணீர் தீர்ந்துபோய்ப் பிள்ளை அழுத இடத்துக்குத் தேவன் போனார் என்று இருக்கிறது. இஸ்மவேலின் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்று விடாமல் பெயர் எழுதியிருக்கிறது. நான் ஆபிரகாமின் கூடாரத்துக்குள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். உண்மையாக இருந்தவர் ஆபிரகாம் இல்லை, அக்கா. என் அப்பாவும் இல்லை. ஆபிரகாம் செத்தபோது சாராளின் மகன் ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்துதான் அடக்கம் பண்ணினார்கள். உங்களுக்கு அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

மத்தியானம் அம்மாவிடம் உங்கள் இரண்டு கடிதங்களையும் படித்துக் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும். கல்யாணத்துக்கு முந்தியே மூப்பரு சொன்னாரு. ஞானஸ்நானத்துல பழசெல்லாம் போயிடும், நீ அதப் பத்தி நெனைக்கக் கூடாதுன்னாரு. எனக்கு இருவத்திரண்டு வயசு. பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்" என்றாள். அப்படியானால் இறந்த குழந்தை என்று ஏன் சொன்னாய் என்று சத்தம் போட்டேன். நான் நாளைக்கு ஆபீஸில் போய் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். "எழுது. அதுக்கு முன்னாடி என்னெக் கேக்காத, நான் வேணாம்னுதான் சொல்லுவேன்" என்றாள்.

நாளைக்குப் போகிறேன்.

தமிழ்மணி


பெண்ணாடம்
6.7.2024

தமிழ்மணிக்கு,

நீ போயிருப்பாய். இந்தக் கடிதம் வந்து நிறுத்த முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீ எழுதியதை அம்மாவிடம் படித்தேன். உன் அம்மா சொன்ன இடம் வந்ததும், "இருவத்திரண்டு வயசுப் பொண்ணு" என்று மட்டும் சொன்னாள். எனக்கு இத்தனை வருடமாக உன் அம்மா மேல் ஒரு முகம் தெரியாத கோபம் இருந்தது. சாபம் கூட விட்டிருக்கிறேன். இப்போது அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

போகாதே என்று எழுத நினைத்தேன். மனசு வரவில்லை. எனக்கு அந்தக் காகிதம் வேண்டும். அடுத்த வருடம் யுவஸ்ரீக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறோம். தாத்தா யார் என்று கேட்பார்கள். இதை மறைத்து நல்லவளாக எழுத எனக்குத் தெரியாது.

உன் அம்மா சாப்பிடுகிறாளா?

சிவசங்கரி


விருத்தாசலம்
8.8.2024

அன்புள்ள அக்கா,

சான்றிதழ் வந்துவிட்டது. நகல் இதோடு வைத்திருக்கிறேன். அட்டஸ்டேஷன் வாங்கியிருக்கிறேன், எங்கே காட்டினாலும் செல்லும்.

முதல் வரியைப் பாருங்கள். "விருத்தகிரி என்கிற ஆபிரகாம்." இந்த 'என்கிற' வாங்குவதற்கு ஐந்து தடவை நடந்தேன். கலியமூர்த்தி மாமாவைக் கூட்டிப் போய்ப் பழைய மஸ்டர் நகலைக் காட்டி, இரண்டும் ஒரே ஆள் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன். உங்கள் பள்ளிச் சான்றிதழில் மாமா பெயர் ஏறிய கதையை உங்கள் வி.ஏ.ஓ. விசாரித்து அனுப்பியது உதவியாக இருந்தது. தண்ணீரில் செத்த ஆள் செத்தவர் இல்லை, ஜனவரியில்தான் செத்தார் என்று இப்போது கவர்மெண்ட் சொல்கிறது. உங்கள் அம்மா கேட்டில் நின்று சொன்னதும் அதுதான்.

அதற்குக் கீழே மூன்று பெயர். முத்தாயி, மனைவி. சிவசங்கரி, மகள். தமிழ்மணி, மகள்.

அம்மா பெயர் இல்லை. கிளார்க்கிடம் கெஞ்சினேன். "ரெண்டாவது சம்சாரத்துக்கு இதுல கட்டம் கெடயாதும்மா. புள்ளைய போட்டிருக்கோம்ல, அத்தோட விடுங்க" என்றார். பட்டாவைப் பற்றி நீங்களும் உங்கள் அம்மாவும் தபாலில் எழுதி அனுப்பிய சம்மதத்தை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். வீடு என் பெயருக்கு வரும். அம்மா என்னோடு இருப்பாள். ஒன்றும் குறையவில்லை என்று நீங்கள் நினைக்கலாம், நானும் அப்படித்தான் வழி நெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டினேன். அம்மா, "நான் எத்தினாவது?" என்றாள். மூன்றாவதாக என் பெயர் இருக்கிறது என்றேன். "ஒன்னக் கேக்கல" என்றாள். அதற்குப் பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். போன ஞாயிறு திருவிருந்து. வாயில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் அப்பம் வாங்க எழுந்து போகவில்லை. சபை ஐயர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பெண்கள் ஐக்கியத்துக்கும் போவதில்லை. யாரோ, "ஆகாரு யாரு, சாராளு யாருன்னே தெரியலியே" என்று சிரித்தது அவள் காதில் விழுந்துவிட்டது.

நான் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சரியானதைச் செய்தால் சமாதானம் வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வரவில்லை. தலைமுறை தலைமுறையாக என்று பாடும் இடத்தில் நான் பாட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறேன். அப்பாவின் வம்சம் யுவஸ்ரீயின் பக்கம்தான் போகப் போகிறது, என்னோடு இந்தக் கிளை முடிகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அம்மா எந்தக் கிளை என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்மணி


விருத்தாசலம்
25.8.2024

அன்புள்ள அக்கா,

நீங்கள் பதில் போடவில்லை. கோபமா, சங்கடமா தெரியவில்லை. ஆனால் இதை நான் உடனே எழுதியாக வேண்டும். உங்கள் அம்மா, என் பெரியம்மா, நேற்று இங்கே வந்தார்.

உங்களிடம் சேத்தியாத்தோப்பில் ஒரு துக்கத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். திட்டாதீர்கள். காலை பத்து மணிக்கு, தெருவில் ஒவ்வொரு வீடாக, "ஆபிரகாம் வூடு எது?" என்று விசாரித்துக்கொண்டு வந்தார். நான் கதவைத் திறந்ததும் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மூக்கு அப்படியே அவருடையது என்றார். மூன்று மணி பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன், ஜன்னல் சீட் கிடைத்தது. இடையில் நடந்ததை அவர் உங்களிடம் சொல்வாரா என்று தெரியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன், கையைத் தட்டிவிட்டாள். பெரியம்மா பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். டீ வேண்டாம் என்றார். சுவரில் இருந்த அப்பாவின் போட்டோவை ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்த்தார். வயசாகிவிட்டதே என்றார், என்னிடம் அல்ல, போட்டோவிடம். ஒரு மணி நேரம் அப்படியே போனது. நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. ஏன் இதைக் கிளறினேன் என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள். "எதுக்கு வந்தீங்க? எல்லாந்தான் எழுதிக் குடுத்தாச்சே" என்றாள்.

"எழுதுனது கெடக்கட்டும். நான் எதையும் எடுத்துக்கிட்டுப் போக வரல" என்றார் பெரியம்மா. "பொண்டாட்டின்னு என் பேர எழுதியிருக்குது. ஒன் புருஷன் எப்பிடி செத்தான்னு நாளைக்கு எவளாவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அதக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். ஒனக்குத்தான தெரியும்."

அம்மா கீழே உட்கார்ந்தாள். பெரியம்மாவும் நாற்காலியை விட்டு இறங்கி எதிரே உட்கார்ந்தார். அம்மா சொல்ல ஆரம்பித்தாள். செராமிக் மாவுத் தூசி நெஞ்சில் இறங்கியது, இருமல், ஆஸ்பத்திரி, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அவர்கள் அனுப்பியது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுருட்டின மெத்தையில் சாய்த்து உட்காரவைத்தது. கஞ்சி இறங்காதது. எந்தப் பக்கம் சாய்ந்தால் அவருக்குச் சுகமாக இருந்தது என்பது வரைக்கும் சொன்னாள். பெரியம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அம்மா சொன்னது எனக்கும் தெரியாது. கடைசி நாட்களில் பகலில் நான் கம்பெனிக்குப் போய்விடுவேன். அம்மா என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கடைசி நாலு நாளு அவரு என்னத் தங்கம்னு கூப்புடல. முத்தாயி, தண்ணி குடுன்னாரு. நான் முத்தாயி இல்லிங்க, தங்கம்மாங்கன்னு சொன்னேன். மூஞ்சத் திருப்பிக்கிட்டாரு. டம்ளரத் தொடல. நாக்கு வறண்டு போயிருக்குது, என்ன பண்றது? அப்புறம் நான் என் பேரச் சொல்லல. முத்தாயிதான் குடுக்கறேன், குடிங்கன்னு சொல்லித்தான் ஊட்டுனேன். நாலு நாளும் அப்பிடித்தான்."

பெரியம்மா, "குடிச்சாரா?" என்று கேட்டார்.

"குடிச்சாருக்கா" என்றாள் அம்மா.

அன்புடன்,
தமிழ்மணி